தடையற்ற வாணிபக் கொள்கையும் சேர்வராயன் மலைக் காப்பியும்

தடையற்ற வாணிபக் கொள்கை என்பது, ஒருவன் தன் உழைப்பாலும் முதலாலும் விளைவித்த பொருளைத் தனக்கு இசைந்த விலைக்குத் தான் விரும்பியவருக்கு விற்கும் உரிமையை ஆதாரமாகக் கொண்டு, வரி குறைவாகவும் யாவர்க்கும் ஒரே நெறியிலும் அமையவேண்டும் என்றும், சர்க்காரின் செலவு தனி மனிதர் தாமே செய்துகொள்ள இயலாத பொதுக் காரியங்களோடு நிற்கவேண்டும் என்றும் வற்புறுத்தும் பொருளாதாரச் சித்தாந்தமாகும். அறிவுச் சொத்துரிமையைப் பற்றி மட்டும் இக்கொள்கையினரிடையே ஒருமித்த அபிப்பிராயம் இல்லை: கண்டுபிடித்தவனுக்கு அது நிலபுலம் போன்ற சொத்தே என்பர் ஒரு சாரார், சர்க்கார் அருளும் ஏகபோகமாக அது மாறிவிடலாகாதே என்று பொருளாதார அறிஞர் ஹாயக் முதலியோர் ஐயுற்றனர். விற்கும் உரிமை, வரி, பொதுச் செலவு, அறிவுச் சொத்துரிமை ஆகிய இந்நான்கு பிரச்சினைகளும் ஒரே பயிரில் வந்து கூடிய பிரதேசம் சேலம் மாவட்டத்துச் சேர்வராயன் மலை.

1820-களில் சேலம் கலெக்டராயிருந்த காக்பர்ன் ஏற்காட்டில் காப்பியைப் பயிரிடச் செய்தார். ஏற்காட்டிலிருந்து குப்பனூருக்கு இறங்கும் மலைப்பாதையிலுள்ள கொட்டச்சேடு முதலான ஊர்களில் எஸ்டேட்டுகளும் மலையாளிப் பழங்குடியினரின் சிறு காணிகளும் அடுத்தடுத்துக் கிடக்கின்றன. மிளகுக்கொடி படர்ந்த சில்வர் ஓக் மரங்களின் நிழலில் அரபிகாச் செடி வளர்கிறது. சிவக்கப் பழுத்த பழத்தை மட்டும் தேர்ந்து பறித்து, பல்ப்பரில் தோலுரித்து, வழவழப்பு நீங்குமளவும் தொட்டியில் நொதிக்கவிட்டு, கழுவிக் களத்தில் உலர்த்தினால் கிடைப்பது பார்ச்மென்ட். பழத்தை அப்படியே காயப்போட்டால் செர்ரி. இவ்வளவு பாடுபட்டு உலர்த்திய சரக்கைத் தானே விற்கும் அதிகாரம் ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் தோட்டக்காரனுக்கு இல்லாதிருந்தது.

இரண்டாம் உலக யுத்தத்தால் ஐரோப்பியச் சந்தை அடைபட்டு, விலை வீழ்ந்து, தோட்டங்கள் அழியும் நிலை நேர்ந்தபோது, 1940-இல் ஓர் அவசரச் சட்டமும் 1942-இல் காப்பிச் சட்டமும் பிறந்தன. வீட்டு உபயோகத்திற்கும் விதைக்கும் வேண்டியது போக, விளைந்ததனைத்தையும் காப்பி வாரியத்தின் பொதுத் தொகுப்பில் ஒப்படைத்துவிடவேண்டியிருந்தது. வாரியம் அதை ஏலத்தில் விற்றுவர, தரத்திற்கேற்பப் புள்ளி கணக்கிட்டுப் பணம் தவணை தவணையாக வந்து சேர்ந்தது. ஆபத்துக் காலத்தில் அந்த ஏற்பாடு பலரைக் காத்தது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் யுத்தம் 1945-இல் முடிந்தும் கட்டாயம் முடியவில்லை. கவனமாகப் பதப்படுத்தியவனும் ஏலம் நடந்து தவணை வருமட்டும் காத்திருக்க, அடுத்த அறுவடைக்குரிய கூலிக்குக் கடன் வாங்குவது தோட்டக்காரனின் வழக்கமாயிற்று. இவ்வாறு சட்டத்தின் வற்புறுத்தலால் ஒப்படைப்பதும் ‘விற்பனை’யே, ஆகவே வாரியம் அதற்குக் கொள்முதல் வரி செலுத்தவேண்டும் என்று கர்நாடக வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் 1988-இல் தீர்ப்பளித்தது.

1989-இல் சர்வதேசக் காப்பி ஒப்பந்தத்தின் ஏற்றுமதிப் பங்கீட்டு முறை குலைந்தது. பெருமளவில் வாங்கிவந்த சோவியத் யூனியன் 1991-இல் மறைந்தது. தொகுப்பு முறைக்கு ஊன்றுகோலாயிருந்தவை இவ்விதம் அகலவே, 1992-இல் விளைச்சலில் 30 சதவிகிதத்தை உள்நாட்டில் தாமே விற்க அனுமதி பிறந்து, படிப்படியாக விரிந்து, 1996-இல் முழு உரிமையும் எல்லோருக்கும் வந்தது. புதிய நூற்றாண்டின் தொடக்கத்தில் உலக விலை சரிந்தபோது அதன் நஷ்டத்தையும் தோட்டக்காரனே தாங்க நேர்ந்தது. எனினும், ஏற்ற இறக்கம் இரண்டையும் அறிந்து, விற்கும் நேரத்தைத் தானே தீர்மானிப்பவனே தன் பொருளுக்கு எஜமானன் ஆவான்.

வரியைப் பொறுத்தவரை, சேலத்தின் சரித்திரம் ஒரு விசேஷ முரணைக் கொண்டது. சேலம் நகராட்சித் தலைவராயிருந்த ராஜாஜி, சென்னை மாகாணப் பிரதமராகி, 1937 அக்டோபர் 1-இல் இம்மாவட்டத்தில்தான் முதன்முதலாக மதுவிலக்கைக் கொணர்ந்தார். இழந்த கலால் வருவாயை ஈடுசெய்ய 1939-இல் பொது விற்பனை வரியை விதித்தார். அவரே 1952-இல் உணவுக் கட்டுப்பாட்டை நீக்கி, 1959-இல் சுதந்திராக் கட்சியை நிறுவி, பெர்மிட், லைசென்ஸ், கோட்டா ஆட்சியை எதிர்த்து முதுமையிலும் ஓயாது போராடினார். பரந்த, எளிய வரி வேறு, தொழிலை நடத்துவதற்கே அனுமதி கேட்கவைக்கும் கட்டுப்பாடு வேறு என்ற பாகுபாட்டை அவர் வாழ்க்கை விளக்குகிறது.

தோட்டங்களின் மீது 1955-இல் மாநில விவசாய வருமான வரி வந்தது. பிற்காலத்திய மத்திய வருமான வரி விதிகளின்படி, தான் விளைத்த காப்பியைத் தானே பதப்படுத்தி விற்பவனின் வருமானத்தில் 25 சதவிகிதமும், வறுத்து அரைத்தும் விற்பவனுக்கு 40 சதவிகிதமும் வியாபார வருமானமாகக் கொள்ளப்படுகின்றன. பச்சையாக விற்றுவிடுவோனுக்கு இச்சுமை இல்லை. மலையிலேயே வறுத்து அரைக்கத் துணிபவனைத் தளரச் செய்யும் விதி இது என்பது தடையற்ற வாணிபக் கொள்கையினரின் நியாயமான குறை.

பொதுச் செலவைக் குறைக்கவேண்டும் என்போர் அவசரப்பட்டுக் கைவைக்கக் கூடாத ஓரிடம் உண்டு. 1925-இல் மைசூர் சமஸ்தானம் பாலேஹொன்னூரில் தொடங்கிய ஆராய்ச்சி நிலையத்திலிருந்து, இலைத் துரு நோயை ஓரளவு தாங்கும் எஸ். 795 என்னும் ரகம் 1940-களில் வெளிவந்து, உரிமைத் தொகை கேட்பாரின்றித் தென்னாட்டு மலைகளெங்கும் பரவியது. வெள்ளைத் தண்டுத் துளைப்பான் என்னும் பூச்சிக்கு மாற்றுத் தேடும் நெடுங்கால ஆராய்ச்சியைச் சிறு காணிக்காரன் தன் செலவில் நடத்த முடியாது. அறிவுச் சொத்துரிமை விஷயத்தில் இந்நாட்டுச் சட்டமும் நிதானமானது: 1970-ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம் வேளாண்மை முறைகளை விலக்கியது, 2001-ஆம் ஆண்டின் பயிர் ரகப் பாதுகாப்பு, விவசாயிகள் உரிமைச் சட்டம், ரகத்தை உருவாக்கியவனுக்கு உரிமை அளித்தும், விதையைச் சேமிக்கவும் விதைக்கவும் பரிமாறவும் விவசாயிக்குள்ள சுதந்திரத்தைக் காத்தது.

ஒரு தனி மனிதனின் ஏகபோகமாகாமல் ஊராரின் பொதுச் சொத்தாக நிற்பதனால், விளையும் ஊரின் பெயரைப் பதிவுசெய்து காக்கும் அறிவுச் சொத்துரிமையான புவிசார் குறியீடு ஏகபோகத்தை வெறுப்போரும் ஒப்பக்கூடியது. சேர்வராயன் காப்பிக்கு வாரியத்தின் வட்டார முத்திரை ஒன்று உண்டு. ஆனால் 2019-இல் குடகு, வயநாடு, சிக்மகளூர், அரக்கு, பாபாபுடன்கிரிக் காப்பிகள் ஐந்தும் புவிசார் குறியீடு பெற்றபோது, அவ்வரிசையில் சேர்வராயன் இடம்பெறவில்லை. கொட்டச்சேட்டுத் தோட்டக்காரர்களும் சுற்றுவட்டாரத்துச் சிறு காணிக்காரர்களும் ஒரு சங்கமாகக் கூடித் தம் மலையின் பெயரைத் தாமே பதிவு செய்துகொள்ள முன்வரவேண்டும்.