கொள்ளைநோயும் மருத்துவமனையும்



பாலக்காட்டுக்குத் தெற்கே, தென்மலையின் அடிவாரத்தில், காயத்ரிப் புழை பாயும் வயல்வெளிகளுக்கிடையே அமைந்தது கொல்லங்கோடு. தமிழும் மலையாளமும் ஒரே கடைத்தெருவில் கலந்து ஒலிக்கும் ஊர் அது. கிழக்கே கோவிந்தாபுரம் வழியாகப் பொள்ளாச்சிக்கும், வடக்கே பாலக்காட்டுக்கும், மேற்கே திருச்சூருக்கும் சாலைகள் செல்லுகின்றன. கடும் நோய் கண்டவர் இந்த மூன்று திசைகளில் ஏதேனும் ஒன்றில்தான் பெரிய மருத்துவமனையை நாடிச் செல்லவேண்டும். ஆகவே, கொள்ளைநோய்க் காலத்தில் மருத்துவமனைக்குச் சென்றவருள் மீண்டவர் யார், மாண்டவர் யார், அவ்வேறுபாட்டுக்குக் காரணம் யாது என்னும் கேள்வி இத்தகைய ஊருக்கு ஏட்டுக் கேள்வி அன்று, உயிர்க் கேள்வியாகும். கடந்த நூறாண்டுக் காலத்தில் நம் நாட்டைத் தாக்கிய மூன்று கொள்ளைநோய்களைக் கொண்டு இதனை ஆராய்வோம்.

முதலாவது, 1918-ஆம் ஆண்டின் இன்புளுயென்ஸா. விஷ சுரம் என்று நம் முன்னோர் அஞ்சிய நோய் இதுவே. அவ்வாண்டு ஜூன் 10-ஆம் நாள் பம்பாய்த் துறைமுகத்தில் காவல் புரிந்த 7 போலீஸ் சிப்பாய்கள் சுரங்கண்டு மருத்துவமனையிற் சேர்க்கப்பட்டனர். முதல் அலை மிதமாகவே சென்றது. செப்டம்பரில் எழுந்த இரண்டாம் அலையோ பேரழிவை விளைத்தது. அக்டோபர் 6-ஆம் நாள் ஒன்றில் மட்டும் பம்பாய் நகரில் 768 பேர் இறந்தனர். இருப்புப் பாதைகள் வழியாகவும், போரிலிருந்து திரும்பிய படைவீரர் வழியாகவும் நோய் நாடெங்கும் பரவிற்று. சென்னை மாகாணத்தில் அதன் வேகம் பம்பாயினும் மத்திய மாகாணங்களினும் குறைவாக இருந்தது எனினும், அதுவும் சிறிய துன்பம் அன்று.

அந்நாளில் கொல்லங்கோடு சென்னை மாகாணத்து மலபார் ஜில்லாவைச் சேர்ந்தது; அண்டையிலிருந்த சிற்றூரோ கொச்சி சமஸ்தானத்தைச் சேர்ந்தது. பாலக்காட்டிலிருந்து கொல்லங்கோடு வழியாகப் பொள்ளாச்சி செல்லும் இருப்புப் பாதை 1932-இல்தான் திறக்கப்பட்டது. ஆகவே, 1918-இல் நோயாளி ஒருவர் பாலக்காடு சேரவேண்டுமாயின் மாட்டு வண்டியிலோ, பிறர் தோளிலோதான் சென்றிருக்க வேண்டும். இந்தியக் கிராமங்களில் அவ்வாண்டு இறந்தவருள் மிகப் பெரும்பாலோர் மருத்துவமனையின் வாயிலையே கண்டதில்லை. மலபாரில் ஊர் நிர்வாகத்தைக் கவனித்தவர் அம்சம் அதிகாரி. இத்தகைய கிராம அலுவலர் ஏடுகளில் அம்மரணங்கள் பெரும்பாலும் 'சுரம்' என்னும் ஒரே சொல்லில் அடங்கிவிட்டன. இந்திய அரசின் சுகாதாரக் கமிஷனராக இருந்த நார்மன் ஒயிட் சுமார் 60 லட்சம் பேர் மாண்டனர் என மதிப்பிட்டார். பின்வந்த ஆய்வாளர்கள் குடிக்கணக்கைக் கொண்டு கணக்கிட்டு, ஒரு கோடியே 30 லட்சத்துக்கும் மேல் என்றும், ஒரு கோடியே 80 லட்சத்தை ஒட்டியது என்றும் கூறியுள்ளனர். 1911-க்கும் 1921-க்கும் இடையே இந்தியாவின் மக்கள்தொகை பெருகுவதற்கு மாறாகச் சற்றுக் குறைந்தே போயிற்று என்பதை எண்ணும்போது இம்மதிப்பீடுகள் மிகையெனத் தோன்றா.

மாண்டவர் யார்? வழக்கமான சளிச்சுரம் குழந்தைகளையும் முதியோரையுமே கொல்லும். 1918-இன் நோயோ 20 முதல் 40 வயது வரையுள்ள திடகாத்திரமானவர்களைத் தேடிப் பிடித்தது. இந்தியாவில் ஆடவரினும் பெண்டிரே மிகுதியாக மாண்டனர். நோயுற்றோருக்கு இரவும் பகலும் அருகிருந்து பணிவிடை செய்தவர் அவர்களே என்பதும், வீட்டில் கடைசியாக உண்டு, குறைவாக உண்டவர் அவர்களே என்பதும் இதற்குக் கூறப்படும் காரணங்கள். அவ்வாண்டு பருவமழை பொய்த்துத் தானிய விலை ஏறியிருந்ததையும் நாம் மறத்தலாகாது. கருவுற்ற தாய்மாரின் நிலை மிகக் கொடியது. அமெரிக்காவில் 1919-இல் வெளியான ஆய்வொன்று, நோயுற்ற 1,350 கர்ப்பிணிகளில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு நுரையீரல் அழற்சி கண்டது என்றும், அவ்வாறு கண்டவருள் பாதிக்கு மேற்பட்டோர் மாண்டனர் என்றும் காட்டிற்று.

செல்வமும் வறுமையும்கூட மரணத்தின் தராசில் ஏறி நின்றன. பம்பாய் நகரில் ஆயிரம் பேருக்கு ஐரோப்பியரில் 8.3 பேரும், பிற இந்துக்களில் 18.9 பேரும், தாழ்த்தப்பட்ட வகுப்பினரான இந்துக்களில் 61.6 பேரும் இந்நோயால் மாண்டனர். கிருமி சாதி பார்ப்பதில்லை. ஆனால் நெருக்கமான குடிசையும், அரைவயிற்று உணவும், மருத்துவனின்மையும் சாதி பார்த்தே அமைந்திருந்தன.

அந்நாளைய மருத்துவர் ஓர் அறிகுறியை மிகவும் அஞ்சினர். நோயாளியின் உதடும் காதும் முகமும் ஊதா கலந்த நீலநிறம் அடையுமாயின், அவர் பிழைப்பது அரிது என்று அவர்கள் அறிந்திருந்தனர். குருதியில் பிராணவாயு குறைந்ததன் அடையாளம் அது. அதனை அளக்கக் கருவியில்லை. பிராணவாயுவைத் தகுந்த முறையில் ஊட்டும் வசதியோ அரிதினும் அரிது. வைரஸ் நுரையீரலைப் புண்படுத்த, அப்புண்ணில் பாக்டீரியாக்கள் குடிபுகுந்து விளைத்த அழற்சியே பெரும்பாலோரைக் கொன்றது என்பதைப் பிற்காலத்தார் பாதுகாத்து வைக்கப்பட்ட நுரையீரல் துண்டுகளை ஆராய்ந்து தெளிந்தனர். மனிதரின் இன்புளுயென்ஸா வைரஸ் 1933-இல்தான் பிரித்தெடுக்கப்பட்டது. பெனிசிலின் பொதுவழக்குக்கு வந்தது அதற்கும் பின்னரே.

இரண்டாவது, 1957-ஆம் ஆண்டின் ஆசிய இன்புளுயென்ஸா. இம்முறை நோய் நம் தமிழகத்தின் வாயில் வழியாகவே நுழைந்தது. மலேயாவுக்கும் சென்னைக்கும் இடையே தமிழ்க் குடும்பங்களை ஏற்றிச் சென்று புகழ்பெற்ற 'ரஜூலா' கப்பல் மே மாத நடுவில் சென்னைத் துறைமுகத்தை அடைந்தபோது, அதில் சுரங்கண்டோர் பலர் இருந்தனர். ஏறத்தாழ 12 வாரங்களில் நோய் இந்தியா முழுவதும் பரவிவிட்டது. நீலகிரியில் குன்னூர் பாஸ்டர் ஆய்வுக்கூடத்தில் இருந்த இன்புளுயென்ஸா நிலையம் இதனை உடனுக்குடன் ஆராய்ந்தது. 1957 மே 19 முதல் 1958 பிப்ரவரி 8 வரை நாட்டில் பதிவான நோயாளிகள் 44,51,785 பேர். பதிவான மரணங்கள் 1,098. கிராமத்து மரணங்கள் பல ஏட்டில் ஏறாமற் போயிருக்கலாம் என்றாலும், 1918-க்கும் 1957-க்கும் உள்ள தூரம் பெரிது. வைரஸின் கொடுமை குறைந்திருந்தது. பாக்டீரியாவை அடக்கும் மருந்துகளும் கைக்கு வந்திருந்தன.

எனினும் உலகெங்கும் மருத்துவமனைகளில் மரணம் நிகழாமல் இல்லை. முடக்குவாதச் சுரத்தால் இதய வால்வு சுருங்கியவர்கள், கர்ப்பிணிகள், நுரையீரல் நோயுற்றவர்கள், முதியோர் ஆகியோரே அவ்வாண்டு மிகுதியாக மாண்டனர் என்று மருத்துவர்கள் குறித்தனர். பெனிசிலினுக்கு அடங்காத ஸ்டபிலோகாக்கஸ் கிருமி சில மருத்துவமனைகளில் புதிய பகையாகத் தோன்றியது. மருந்து கண்ட இடத்தில் கிருமியும் தன் வழியைக் கண்டது.

மூன்றாவது, நாமெல்லாம் கண்ணாற் கண்ட கொரோனா. இந்தியாவின் முதல் நோயாளி 2020 ஜனவரி 30-ஆம் நாள் கொல்லங்கோட்டுக்கு மேற்கேயுள்ள திருச்சூரில் கண்டறியப்பட்டார். மார்ச் மாத இறுதியில் நாடு முழுதும் அடைக்கப்பட்டது. நேற்றுவரை பெண் கொடுத்துப் பெண் எடுத்து, பாலும் காய்கறியும் பரிமாறி வாழ்ந்த எல்லைப்புற ஊர்களின் நடுவே திடீரென ஒரு கோடு உயிர்பெற்றது. மே மாதம் அனுமதிச் சீட்டின்றி வாளையாற்றுக்கு வந்தவர்கள் வெயிலில் காத்துக் கிடந்தனர்.

இக்காலத்தில் மாண்டவர் யார் என்பதற்கு நம்மிடம் தெளிவான கணக்கு உண்டு. தமிழ்நாட்டிலும் ஆந்திரத்திலும் 84,965 நோயாளிகளையும், அவர்களோடு பழகிய 5,75,071 பேரையும் பின்தொடர்ந்து செய்த ஆய்வு 2020-இல் வெளியாயிற்று. நோய் உறுதியானவருள் 5 முதல் 17 வயது வரையுள்ளோரில் 100-க்கு 0.05 பேரே இறந்தனர். 85 வயதும் அதற்கு மேலும் ஆனவரில் 100-க்கு 16.6 பேர் இறந்தனர். இறந்தவருள் 100-க்கு 45 பேருக்கு நீரிழிவும், 36 பேருக்கு இரத்தக் கொதிப்பும் இருந்தன. ஆடவரே மிகுதியாக மாண்டனர். 1918-இல் இளமையும் பெண்மையும் இடர்; 2020-இல் முதுமையும் ஆண்மையும் இடர். ஒரு கொள்ளைநோயின் பாடத்தை அப்படியே மற்றொன்றுக்குப் பொருத்துதல் பிழை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டா.

இங்கே ஓர் எச்சரிக்கை. இறந்தவரில் பாதிப்பேருக்கு நீரிழிவு இருந்தது என்பதனால் நீரிழிவே கொன்றது என்று முடிவு கட்டலாகாது. முதியோருக்கே நீரிழிவு மிகுதி. முதியோரே மிகுதியாக இறக்கின்றனர். வயதின் பங்கைத் தனியே கழித்த பின்னும் எஞ்சி நிற்பதே நீரிழிவின் பங்கு. அவ்வாறு கழித்துப் பார்த்த பேராய்வுகளிலும் அது எஞ்சியே நின்றது. குறிப்பாகச் சர்க்கரை அடங்காதவரிடத்தில் மிகுதியாக நின்றது. 60 வயது கடந்தோர் விகிதம் 2011-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி இந்தியாவிலேயே கேரளத்தில்தான் மிகுதி. நீரிழிவும் அங்கே பரவலானது. ஆகவே இக்கணக்கு கொல்லங்கோட்டின் ஒவ்வொரு வீட்டு முற்றத்தையும் தொடுவதாகும்.

மற்றொரு செய்தி இதனினும் கருதத்தக்கது. மேற்சொன்ன ஆய்வில், இறந்தவர்கள் மருத்துவமனையிற் சேர்ந்தபின் உயிரோடிருந்த காலத்தின் நடு அளவு ஆறு நாட்களையே ஒட்டியிருந்தது. அமெரிக்காவில் அது ஏறத்தாழ இரண்டு வாரம். நம்மவர் பலர் நோய் முற்றிய பிறகே மருத்துவமனையை அடைந்தனர் என்பது இதற்கு ஒரு விளக்கமாகும். இந்நோயில் ஒரு வஞ்சகம் உண்டு: குருதியில் பிராணவாயு அபாயகரமாகக் குறைந்த பின்னும் சிலர் மூச்சுத்திணறல் தோன்றாமல் பேசிக்கொண்டிருப்பர். 1918-இன் மருத்துவர் நீலநிறத்தைக் கண்டு அறிந்ததை, விரல் நுனியில் மாட்டும் சிறு கருவி, நிறம் மாறுவதற்கு முன்பே எண்ணாகக் காட்டுகிறது. இதற்கு அடிப்படையான தத்துவத்தை 1970-களில் கண்ட ஜப்பானியப் பொறியியலறிஞர் டகுவோ அவோயாகி, அக்கருவியை உலகமே நாடிய 2020 ஏப்ரல் மாதத்தில் காலமானார்.

கண்டறிந்தாற் போதாது; ஊட்டப் பிராணவாயு வேண்டும். 2021-இன் இரண்டாம் அலையில் வடநாட்டு நகரங்களில் அது கிடையாமல் மக்கள் தவித்ததை நாடறியும். பாலக்காட்டை அடுத்த கஞ்சிக்கோட்டில் உள்ள ஆலையிலிருந்து திரவப் பிராணவாயு கேரளத்து மருத்துவமனைகளுக்கும், எல்லை தாண்டித் தமிழ்நாட்டு மருத்துவமனைகளுக்கும் லாரிகளில் சென்றது. நோயாளியின் உடலில் உள்ள காரணங்கள் மட்டுமல்ல, அவர் படுத்திருக்கும் மருத்துவமனைக்கு வரவேண்டிய லாரி வந்ததா என்பதும் அவர் உயிரை நிர்ணயித்தது.

மருந்தும் காலமறிந்து தரவேண்டும். டெக்ஸாமெத்தசோன் என்னும் பழைய, மலிவான மருந்தை இங்கிலாந்தில் ஆராய்ந்தபோது, செயற்கைச் சுவாசத்தில் இருந்தவருள் 28 நாட்களில் மரணம் 100-க்கு 41.4 என்பதிலிருந்து 29.3 ஆகவும், பிராணவாயு மட்டும் பெற்றவருள் 26.2 என்பதிலிருந்து 23.3 ஆகவும் குறைந்தது. பிராணவாயு தேவைப்படாதவருக்கோ பயனில்லை. தீங்கு நேரக்கூடும் என்றே எண்கள் தோன்றின. இம்மருந்து சர்க்கரையை ஏற்றும். நீரிழிவு மிகுந்த நம் நாட்டில், அளவின்றி இதனை உண்டதும் 2021-இல் கருப்புப் பூஞ்சை நோய் பெருகியதற்கு ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. தடுப்பூசியின் பயனை வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியார் தம் ஊழியரிடையே அளந்தனர்: இரு தவணையும் பெற்றோரிடத்தில் மருத்துவமனையிற் சேரும் நிலை 77 சதவீதமும், தீவிர சிகிச்சை வேண்டிய நிலை 94 சதவீதமும் குறைந்திருந்தன.

தொகுத்துப் பார்ப்போம். மருத்துவமனையில் மரணத்தை விளைக்கும் காரணங்கள் மூவகைப்படும். வயது, பால், முன்னமே உள்ள நோய் என்பன முதல் வகை. நோயாளி தம்மோடு கொண்டுவருபவை. எந்த நிலையில், எத்தனை நாள் தாழ்த்து வந்தார் என்பது இரண்டாம் வகை. படுக்கை, பிராணவாயு, செவிலியர், தக்க மருந்து, தடுப்பூசி ஆகியவை இருந்தனவா என்பது மூன்றாம் வகை; சமூகம் அவருக்காகச் செய்து வைப்பவை. வயதை நாம் மாற்ற இயலாது. சர்க்கரையை அடக்கலாம், தாமதத்தைத் தவிர்க்கலாம், மூன்றாம் வகை முழுவதும் நம் கையில் உள்ளது. மேலும், மருத்துவமனையின் கணக்கு அதன் வாயிலை அடைந்தவர்களின் கணக்கே. 1918-இல் 'சுரம்' என்ற ஒரு சொல்லாய் முடிந்தவர்கள் எந்த ஆய்வு அட்டவணையிலும் இல்லை.

அடுத்த கொள்ளைநோய் எப்பொழுது வரும், யாரைத் தேடும் என்பதை எவரும் முன்கூட்டி உரைக்க இயலாது. ஆனால் கொல்லங்கோட்டில் ஒரு மூதாட்டிக்கு மூச்சு முட்டும் இரவில், அவர் விரலில் மாட்ட ஒரு கருவியும், ஏற்றிச் செல்ல ஒரு வண்டியும், எல்லைக் கோட்டைப் பாராமல் திறக்கும் ஒரு மருத்துவமனைக் கதவும் இருக்கவேண்டும். அவற்றை நோயில்லாத நாளிலேயே ஆயத்தம் செய்து வைப்பது, மூன்று கொள்ளைநோய்களிலும் மாண்டவர்களுக்கு நாம் செலுத்தவேண்டிய கடனாகும்.