எஞ்சிய வால்

வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம். எட்டாம் வகுப்புக்குக் 'காலைப் பொழுது' என்று ஆங்கிலக் கட்டுரை கொடுத்திருந்தேன். ஒரு பையன் எழுதியிருந்தான்: 'மதர் மேட் இட்லி அண்ட் ஏட் அண்ட் கேம் டு ஸ்கூல்.' வாய்விட்டுப் படித்துவிட்டேன். அம்மாவே இட்லி சுட்டு, அம்மாவே சாப்பிட்டு, அம்மாவே பள்ளிக்கும் வந்துவிட்டாள் என்று வகுப்பே சிரித்தது. பையன் மட்டும் விழித்தான். "நான் சாப்பிட்டேன்னுதானே சார் எழுதினேன்?"

'ஐ' போட மறந்துவிட்டாய் என்று சிவப்பு மையில் செருகிக் கொடுத்தேன். அவன் எதையும் மறக்கவில்லை என்று எனக்குப் புரியப் பத்து வருஷம் ஆயிற்று.

'அம்மா இட்லி சுட்டாள், சாப்பிட்டேன், வந்தேன்.' தமிழில் இதற்கு 'நான்' எதற்கு? விகுதியிலேயே ஆள் உட்கார்ந்திருக்கிறான். செய்தவர் ஒருவரே என்றால் அந்த விகுதியும் ஒருமுறை போதும்: 'சுட்டு, சாப்பிட்டு, வந்தாள்'. செய்து என்னும் எச்சம் அதே வினைமுதலின் வினையைக் கொண்டுதான் முடியும் என்று தொல்காப்பியரே விதித்துவிட்டார். ஆங்கிலத்திலும் அதே நியாயம்தான். 'அண்ட்' போட்டு அடுத்த வினைக்குப் பெயர் சொல்லாமல் விட்டால், முன்னால் நின்றவர்தான் அதையும் செய்தார் என்று பொருள். ஆனால் தமிழில் ஆள் வாலில் இருக்கிறான், ஆங்கிலத்தில் தலையில். பையன் வாலை நம்பினான். 'ஏட்' என்ற சொல்லுக்கு வால் இல்லை.

ஒரு காலத்தில் அங்கேயும் வால் இருந்தது. ஆல்ஃபிரட் அரசர் காலத்து ஆங்கிலத்தில் 'பாடு' என்ற வினை 'நான்' என்றால் சிங்கெ, 'நீ' என்றால் சிங்கெஸ்ட், 'அவன்' என்றால் சிங்கெத், பலர் என்றால் சிங்கத். தமிழ் அளவுக்கு நிறைவான வால் இல்லைதான்; நாம், நீங்கள், அவர்கள் மூவருக்கும் ஒரே விகுதி. அதனால் 'இக்', 'தூ', 'ஹே' என்ற பெயர்களும் கூடவே வந்தன. ஆனால் தொடர்ந்து வரும் வினைகளில் அவற்றை விட்டுவிடுவது சகஜம்.

9ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொகுக்கப்பட்ட ஆங்கிலோ-சாக்சன் குறிப்பேட்டில் இதைப் பார்க்கலாம். வருஷவாரியாகத் துறவிகள் எழுதிவைத்த நிகழ்ச்சிப் பட்டியல் அது. அரசன் பெயரை ஒருமுறை சொல்லிவிட்டு, போரிட்டதையும் வென்றதையும் செத்ததையும் 'அண்ட்' போட்டுக் கோத்துக்கொண்டே போவார்கள். தோல் ஏடு விலை கூடியது. 'அண்ட்' என்று முழுசாக எழுதவும் மனம் வராது. நம் 7 போன்ற ஒரு குறியைப் போட்டார்கள். சிசரோவின் எழுத்தர் டைரோவின் பெயரால் வழங்கும் ரோமானியச் சுருக்கெழுத்து அது.

பிறகு வால் தேய்ந்தது. ஆங்கிலத்தில் அழுத்தம் சொல்லின் முதலில் விழுவதால் கடைசி அசை வாய்க்குள்ளேயே கரைந்தது. வடக்கிலும் கிழக்கிலும் குடியேறிய டேனியர்களின் மொழியும் ஒரு காரணம் என்பார்கள்: இரு மொழிக்கும் வேர்ச்சொற்கள் ஒத்துப்போயின, விகுதிகள் ஒத்துப்போகவில்லை, சந்தையில் பேரம் பேசுகிறவன் எதை விடுவான்? குறிப்பேட்டின் பீட்டர்பரோ படி 1154 வரை நீள்கிறது. அதன் கடைசிப் பக்கங்களில் பழைய விகுதிகள் கலைந்து கிடக்கின்றன.

வால் போனால் தலை கனக்கத்தானே வேண்டும்! அந்தத் தலையிலும் குழப்பம். அவன் 'ஹே', அவள் 'ஹேயோ', அவர்கள் 'ஹீயெ'. மூன்றும் ஒலியில் நெருங்கி, சில வட்டாரங்களில் யார் யாரென்றே தெரியாமல் போயிற்று. கடைசியில் டேனியர்களிடமிருந்தே 'தே' என்பதை வாங்கிக்கொண்டார்கள். 1400இல் இறந்த கவிஞர் சாசர் 'தே' என்கிறார். ஆனால் 'தெம்' என்று எழுதவேண்டிய இடத்தில் பழைய 'ஹெம்' தான். கடன் வாங்கினாலும் தவணையில் வாங்கினார்கள்.

அதன்பின் பெயர் இல்லாமல் வாக்கியம் தொடங்கக் கூடாது என்பது சட்டமாயிற்று. சட்டத்துக்குச் சந்துகளும் இருந்தன. லண்டனில் கடற்படை அலுவலகத்தில் வேலை பார்த்த சாமுவேல் பீப்ஸ் 1660 முதல் 1669 வரை சுருக்கெழுத்தில் நாட்குறிப்பு எழுதினார். எழுந்தது, அலுவலகம் போனது, படுத்தது எல்லாம் பல இடங்களில் 'நான்' இல்லாமலே வரும். அவரைத் தவிர அதில் வேறு யார் எழுந்திருக்கப் போகிறார்கள்?

எங்கள் வீட்டுச் சந்து தந்தி. சொல்லுக்குக் காசு. 'ஸ்டார்ட்டிங் டுடே ரீச்சிங் டுமாரோ' என்று அப்பா அடித்தால், புறப்படுவது அப்பா என்று வீட்டில் எல்லாருக்கும் தெரியும். 2013 ஜூலையில் தந்தி நின்றபோது அந்த ஆங்கிலமும் போயிற்று.

இத்தனை தேய்மானத்துக்கும் தப்பிய ஒரே வால், நிகழ்காலத்தில் அவன், அவள், அதுவுக்கு ஒட்டும் 'எஸ்'. அதுவும் வடக்கத்தி உச்சரிப்பிலிருந்து இறங்கி வந்து பழைய 'எத்'தைத் துரத்தியது. 1611இல் அச்சான ஜேம்ஸ் மன்னர் பைபிளில் இன்னும் 'எத்' தான். இந்த ஒற்றை வாலுக்காக முப்பது வருஷம் என் பேனா மை தீர்ந்தது. 'வந்து போகிறான்' என்பதைப் பிள்ளைகள் 'ஹி கம் அண்ட் கோஸ்' என்று எழுதுவார்கள். முதல் வினை மொட்டை, கடைசி வினைக்கு வால். அச்சு அசல் தமிழ் எச்சம்! 'எத்தனை வினை வந்தாலும் எல்லாவற்றுக்கும் எஸ்' என்று சூத்திரம் சொல்லித் திருத்துவேன். ஆனால் அதன்பின் யாரையும் வாய்விட்டுப் படித்துச் சிரிக்க வைத்ததில்லை.

போன மாதம் பேருந்து நிலையத்தில் அந்தப் பையன் என்னை அடையாளம் கண்டுகொண்டான். தலை நரைத்திருந்தது. இட்லிக் கதையை அவனே எடுத்தான், சிரித்தான். ஆயிரம் வருஷம் முன்னால் எழுதியிருந்தால் நீ தப்பித்திருக்கலாம், அதுவும் நிகழ்காலத்தில் மட்டும். 'சாப்பிட்ட'திற்கு நானும் அவளும் அப்போதே ஒரே சொல்தான் என்றேன். அவன் பேருந்து வந்துவிட்டது. படியில் ஏறிக்கொண்டே, "வில் கோ அண்ட் கம், சார்" என்றான்.

'ஐ' இல்லை. நான் செருகவும் இல்லை. "போய்ட்டு வாப்பா" என்றேன்.