சம்பளமில்லாத நாற்காலி: கட்டுரை வாத்தியார்கள் நடத்தும் மாநாடு

போன வாரம் வந்த எபிசோடோட எழுத்து வடிவம் இது. பேசும்போது உளறின ரெண்டு மூணு இடங்களை வெட்டிட்டேன், மத்தபடி அப்படியேதான் இருக்கு.

முதல்ல என் கதை கொஞ்சம். நாங்க நாலஞ்சு பேர் சேர்ந்து மாசாமாசம் ஒரு டெக் மீட்டப் நடத்துறோம். ஹால் பிடிக்கிறது, பேச வர்றவங்களுக்கு போன் போடுறது, கடைசி நிமிஷத்துல ப்ரொஜெக்டர் கேபிளுக்கு ஓடுறது எல்லாம் ஆபீஸ் முடிஞ்சு வந்துதான். ஒரு பைசா கிடையாது. சமீபத்துல ஒருத்தர், அவர் பேச்சை நாங்க எடுத்துக்கலைன்னு கோபத்துல, "முடிவெடுக்க உங்களுக்கு யாருங்க அதிகாரம் கொடுத்தது?"ன்னு கேட்டார். எனக்குப் பதில் வரலை. அந்தக் கேள்வியோட தேடும்போது சிக்கினதுதான் இன்னைக்குக் கதை. எழுபது வருஷத்துக்கு மேல இதே கேள்வியோட வாழுற ஒரு கூட்டத்தோட கதை.

அமெரிக்காவில் கல்லூரிக்குள் நுழையும் பெரும்பாலான மாணவர்கள், என்ன படிக்க வந்திருந்தாலும், முதல் வருஷத்தில் ஒரு கட்டுரை எழுதும் வகுப்பை முடிச்சாகணும். 1874-ல் ஹார்வர்ட் நுழைவுத் தேர்வில் கட்டுரையைச் சேர்த்தாங்க. பசங்க எழுதினதைப் பார்த்து மிரண்டு போய், 1885-ல் முதல் வருஷத்துக்கே ஒரு கட்டாய வகுப்பு வெச்சாங்க. மத்த கல்லூரிகளும் அதே வழியில் போச்சு. ஆனா இந்த வகுப்பை எடுக்கத் துறையில் பெரிய ஆட்கள் யாரும் வரமாட்டாங்க. ஷேக்ஸ்பியர் சொல்லிக்கொடுக்கத்தான் போட்டி. கட்டுரைக் கட்டைத் திருத்துறது இளையவங்க தலையில்தான் விழும். ஒரு கணக்குப் போடுங்க: நாலு வகுப்பு, வகுப்புக்கு 25 பேர்னு வெச்சா, ஒரு தடவை கட்டுரை வாங்கினா 100 கட்டுரை. ஞாயித்துக்கிழமை காலி.

ரெண்டாம் உலகப் போர் முடிஞ்சதும் நிலைமை இன்னும் முத்திடுச்சு. 1944-ல் வந்த ஜி.ஐ. பில், போர்முனையில் இருந்து திரும்பினவங்க படிக்கப் பணம் கொடுத்தது. 1947-ல் அமெரிக்கக் கல்லூரி மாணவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் முன்னாள் ராணுவத்தினர். அத்தனை பேருக்கும் கட்டுரை வகுப்பு உண்டு.

ஆங்கில ஆசிரியர்களுக்கு என்.சி.டி.ஈ.ன்னு ஒரு தேசிய அமைப்பு 1911-லேர்ந்தே இருக்கு. 1948-ல் அதோட மாநாடு சிகாகோவில் நடந்தது. அங்கே பர்டூ பல்கலைக்கழகத்தின் ஜார்ஜ் வைகாஃப், கட்டுரை சொல்லிக்கொடுக்கிறதை ஒரு வாழ்நாள் தொழிலா வெச்சுக்க முடியுமாங்கிற விஷயத்தைப் பேசினார். நல்லா கவனிங்க. கட்டுரையை எப்படித் திருத்துறதுங்கிறது இல்லை பேச்சு, இந்த வேலையில் ஒரு மனுஷன் மரியாதையா வாழ முடியுமாங்கிறதுதான். விவாதம் நிக்கவே இல்லை. கூட்டத்துக்குத் தலைமை வகிச்ச ஜான் கெர்பர், அயோவா பல்கலைக்கழகத்துக்காரர், இதை முடிச்சு வைக்க ஒரு வழி கண்டுபிடிச்சார்: வசந்த காலத்தில் இதுக்குன்னே தனியா ரெண்டு நாள் கூடுவோம்.

சும்மா வாய்வார்த்தையா போகலை. 1949 ஏப்ரலில் சிகாகோவில் சுமார் 500 பேர் வந்து நின்னாங்க. அந்த வருஷமே என்.சி.டி.ஈ.யின் கீழ் ஒரு தனி அமைப்பாச்சு: கான்ஃபரன்ஸ் ஆன் காலேஜ் காம்போசிஷன் அண்ட் கம்யூனிகேஷன். நாலு சி வர்றதால எல்லாரும் கூப்பிடுறது ஃபோர் சீஸ். முதல் தலைவர் யாருன்னு நினைக்கிறீங்க? கெர்பரேதான். யோசனை சொன்னவன் தலையிலேயே வேலையைக் கட்டுற வழக்கம் எல்லா ஊர்லயும் இருக்கு போல. 1950-ல் அமைப்போட இதழும் வர ஆரம்பிச்சது.

இப்போ தலைமை எப்படி அமையுதுன்னு சொல்றேன், எனக்குப் பிடிச்ச பகுதி இதுதான். உறுப்பினர்கள் ஓட்டுப் போட்டு ஒருத்தரைத் தேர்ந்தெடுக்கிறாங்க. அவர் நேரா தலைவர் ஆகிட முடியாது. முதல்ல உதவித் தலைவர், அப்புறம் இணைத் தலைவர், அப்புறம்தான் தலைவர். கடைசியில் முன்னாள் தலைவரா ஒரு வருஷம் கூடவே இருக்கணும். மொத்தம் நாலு வருஷம். ஏணியில் ஏறுற வழியிலேயே ஒரு முழு மாநாட்டோட நிகழ்ச்சி நிரலை அமைக்கணும்: யார் பேசணும், யாருக்கு இடமில்லை, எந்த அறை, எந்த நேரம். இவங்க எல்லாரும் எங்கேயோ வகுப்பு எடுத்துட்டு இருக்கிறவங்க. என்.சி.டி.ஈ. அலுவலகத்தில் சம்பள ஊழியர்கள் உண்டு, ஆனா இந்த நாற்காலிக்குச் சம்பளம் கிடையாது.

இதில் ஒரு சிக்கல் இருக்கு. யாரும் ஒட்டிக்கிட்டு உட்கார முடியாது, நல்லதுதான். ஆனா ஒரு காரியத்தை ஆரம்பிச்சவர், அது முடியும்போது நாற்காலியில் இருக்கமாட்டார்.

1968-க்கு வருவோம். ஏப்ரல் 4-ம் தேதி மினியாபொலிஸில் மாநாடு. அன்னைக்கு மாலைதான் மெம்ஃபிஸில் மார்ட்டின் லூதர் கிங் சுடப்பட்டார். அந்த மாநாட்டில் எர்னீஸ் கெல்லிங்கிற கறுப்பின ஆசிரியை எழுந்து பேசினாங்க. இங்கே எங்க ஆட்கள் எத்தனை பேர் பேச வந்திருக்காங்க? நீங்க பாடமா வைக்கிற தொகுப்புகளில் எங்க எழுத்தாளர்கள் எங்கே? இதுதான் அவங்க கேட்டதோட சாரம். அமெரிக்கக் கனவைக் கொன்னுட்டாங்கன்னு சொல்ற தலைப்பில் அந்தப் பேச்சு மே மாச இதழில் அச்சாச்சு. தங்களைத் திட்டின பேச்சைத் தங்கள் இதழிலேயே போட்டதுக்கு அந்த எடிட்டரைப் பாராட்டணும்.

அதுக்கப்புறம் அமைப்பு ஒரு குழு போட்டது. தலைவர் மெல்வின் பட்லர், மொழியியலாளர். அந்தக் குழுவில் இருந்த ஜெனீவா ஸ்மிதர்மன்தான் பின்னாடி இந்த வரலாற்றை விரிவா எழுதினவங்க. வீட்டிலும் தெருவிலும் பேசுற மொழிவழக்கு மாணவரோட உரிமை, 'சரியான' அமெரிக்க ஆங்கிலம்னு ஒண்ணே ஒண்ணு இருக்குங்கிறது கட்டுக்கதை, இதுதான் தீர்மானம். 1972-ல் செயற்குழு ஏத்துக்கிட்டது. உறுப்பினர்கள் ஓட்டு 1974-ல்தான்.

எனக்கு இது தூரத்துக் கதையா தெரியலை. காலேஜ் கம்யூனிகேஷன் லேப்ல நான் வாயைத் திறந்தாலே சிரிச்ச பசங்க ஞாபகம் வந்தாங்க. தமிழையும்தான் எடுத்துக்கோங்க, நான் இப்படிப் பேசுற மாதிரியே எழுதினா "இதெல்லாம் ஒரு தமிழா"ன்னு மெயில் வருது.

வெளியில் அடி பலமா விழுந்தது. 1975 டிசம்பரில் நியூஸ்வீக், ஜானிக்கு ஏன் எழுத வரலைன்னு அட்டைப்படக் கட்டுரை போட்டு இந்தத் தீர்மானத்தையும் ஒரு பிடி பிடிச்சது. உள்ளேயும் பலருக்குக் குழப்பம். சரி சார், திங்கட்கிழமை வகுப்பில் நான் சிவப்பு மையை வெச்சு என்ன பண்றது? தீர்மானத்தோட நீளமான விளக்கமும் படிக்க வேண்டிய நூல்களோட பட்டியலும் கொடுத்தாங்க. ஆனா எந்தக் கல்லூரிக்கும் இப்படித்தான் நடத்தணும்னு உத்தரவு போட ஃபோர் சீஸால் முடியாது. அது சொல்லலாம், அவ்வளவுதான். நம்ம ஆர்.எஃப்.சி. மாதிரி: யார் வேணும்னாலும் படிக்கலாம், ஏத்துக்கிறவங்க ஏத்துக்கலாம்.

அந்தப் பலவீனம் நல்லா அம்பலமானது 1980-களில். 1986-ல் வயோமிங்கில் நடந்த வேறொரு ஆங்கில மாநாட்டில், செமஸ்டருக்கு செமஸ்டர் ஒப்பந்தத்தில் ஓடுற கட்டுரை ஆசிரியர்கள் தங்கள் கதையைச் சொல்லப்போய் அது ஒரு தீர்மானமா மாறிச்சு. கேட்டது மூணு: சம்பளத்துக்கும் வேலை நிலைமைக்கும் ஒரு தரம் வகுக்கணும், புகார் கேட்க ஒரு வழி வேணும், மோசமா நடத்துற கல்லூரியைப் பேர் சொல்லிக் கண்டிக்கணும். 1987-ல் ஃபோர் சீஸும் ஏத்துக்கிட்டது.

1989-ல் அறிக்கை வந்தது. நல்ல அறிக்கை. வகுப்புக்கு 20 மாணவர்களுக்கு மேல் கூடாது, ஒரு ஆசிரியருக்கு ஒரு பருவத்துக்கு 60 பேருக்கு மேல் கூடாது. முதல் கோரிக்கைக்குப் பதில் கிடைச்சுது. கண்டனம்? அது நடைமுறைக்கு வரவே இல்லை. அதைவிட வலிச்சது இன்னொண்ணு. நிரந்தரப் பணியில் இருக்கிறவங்கதான் இந்த வகுப்பை எடுக்கணும்னு அறிக்கை அழுத்திச் சொன்னது. அப்போ இப்ப எடுத்துட்டு இருக்கிற ஒப்பந்தக்காரர்? அவருக்கு வேலை தரச் சொல்லுதா, இல்லை அவரை வெளியே அனுப்பச் சொல்லுதா? ஜேம்ஸ் ஸ்லெட்ங்கிற மூத்த பேராசிரியர், வயோமிங் தீர்மானத்தைக் காயடிச்சுட்டாங்கங்கிற மாதிரி தலைப்பு வெச்சே 1991-ல் ஒரு கட்டுரை எழுதினார்.

என் கருத்தைச் சொல்றேன். ஸ்லெட் கோபம் நியாயம். கண்டிக்கிற வேலையையாவது செய்திருக்கணும். ஆனா தலைமையில் இருந்தவங்களைத் துரோகின்னு சொல்ல எனக்கு மனசு வரலை. நிரந்தர வேலையும் ஓய்வுநேரமும் இருக்கிறவங்களாலதான் சம்பளமில்லாத பதவிக்கு நிக்க முடியும். நாலு கல்லூரிக்கு பஸ் மாறி மாறி ஓடுற ஒப்பந்த ஆசிரியர் நாலு வருஷ ஏணியில் எப்படி ஏறுவார்? வாலண்டியர் தலைமைன்னா கதவு எல்லாருக்கும் திறந்திருக்குன்னு நினைக்கிறோம். உள்ளே வர பஸ் காசு யார் கொடுக்கிறது?

கடைசியா ஒரு நிகழ்வு. 2020 மார்ச், மில்வாக்கி. நிகழ்ச்சி நிரல் முழுக்க ரெடி, அமைச்சவங்க ஜூலி லிண்ட்குவிஸ்ட். கொரோனா வந்து மாநாடே ரத்து. ஏணி மட்டும் நிக்கலை. அடுத்த வருஷம் அவங்க தலைவர், மாநாடு ஆன்லைனில். ஒவ்வொரு தலைவரும் மாநாட்டில் ஒரு உரை நிகழ்த்துறது 1977-லேர்ந்து வழக்கம். அவங்க எடுத்துக்கிட்ட விஷயம், கொரோனா காலத்தில் எழுதினதும், சொல்லிக்கொடுத்ததும், இழந்ததும்.

அந்தக் கோபக்கார மனுஷருக்கு நான் இப்பத்தான் பதில் எழுதினேன்: "யாரும் அதிகாரம் கொடுக்கலை சார். அடுத்த தடவை பேச்சுகளைத் தேர்ந்தெடுக்க நீங்களும் வாங்க, வர்ற ஆட்டோ செலவை நாங்க பார்த்துக்கிறோம்." இன்னும் ரிப்ளை வரலை. அடுத்த மாசத்துக்கு ஹாலும் கிடைக்கலை.