ஒட்டு மா (அல்போன்சா)

ஒட்டு மா என்பது ஒரு மரத்தின் வேரில் இன்னொரு மரத்தின் கிளையைப் பொருத்தி வளர்க்கும் மாமரம். மும்பைச் சந்தையில் ஹாபூஸ் என்றும், தாராவி, மாட்டுங்கா, செம்பூர்த் தமிழரிடையே அல்போன்சா என்றும் விற்கும் பழம் இதன் பெயர்பெற்ற விளைச்சல். அல்போன்சாவின் கொட்டையில் முளைக்கும் கன்று தாயின் குணத்தை அப்படியே கொண்டுவராது என்பதால் ஒட்டுதான் வழி.

பம்பாய்த் தீவைக் குத்தகைக்கு எடுத்திருந்த போர்த்துகீசிய மருத்துவர் கார்சியா டா ஓர்ட்டா, கோவாவில் 1563இல் அச்சான தம் நூலில், அந்தத் தீவில் ஆண்டுக்கு இருமுறை காய்க்கும் தம் மாமரம் ஒன்றைப் பற்றிச் சொல்கிறார். மும்பையின் மசகாவ் பகுதி மாம்பழத்தின் புகழும் பழையது; தாமஸ் மூர் 1817இல் வெளியிட்ட ‘லாலா ரூக்’ நெடுங்கவிதையிலும் அது வருகிறது. ஒட்டுக் கலையைக் கொங்கண் கரையில் பரப்பியவர்கள் கோவாவின் போர்த்துகீசியப் பாதிரியார்கள் என்பது பரவலான கருத்து.

பழைய முறையில், தொட்டிக் கன்றைத் தாய்மரக் கிளையருகே பரணில் ஏற்றி, இரண்டின் பட்டையையும் சீவிச் சேர்த்துக் கட்டுவார்கள். பிடிக்க இரண்டு மூன்று மாதம் ஆகும். 1972இல் தொடங்கிய தாபோலி வேளாண் பல்கலைக்கழகம் கொங்கணில் பரப்பிய கொட்டை ஒட்டு இந்த வேலையைச் சுருக்கியது. மழைக்காலத்தில், செம்பு நிறத் தளிர் மாறாத முளைக்கன்றின் தலையைக் கிள்ளி, பிளந்து, அல்போன்சா குச்சியைச் செருகி, பாலித்தீன் நாடாவால் கட்டினால் போதும்.

வெட்டுப்பட்ட பழைய மரக்கட்டை ஒருபோதும் ஒட்டாது. ஒட்டுவது பட்டைக்கு அடியிலுள்ள வளர்திசுதான். இருபுறமும் காயத்திசு பொங்கி இடைவெளியை நிரப்ப, அதனூடே வளர்திசு பாலம்போட்டு, புதிய கட்டையை உள்ளேயும் பட்டையை வெளியேயும் போர்த்துகிறது. அந்த இடத்தில் இழைகள் முறுக்கிக்கொண்டு ஓடும். மேலே உள்ள செல்கள் கடைசிவரை அல்போன்சா, கீழே உள்ளவை வேர்ச்செடியின் சாதி. ஒன்று மற்றொன்றாக மாறுவதில்லை. இரண்டும் பருக்கும் வேகம் வேறுபட்டால் இணைப்பில் புடைப்பு தெரியும்.

மாவில் உள்ளதுபோன்ற குழாய்ச் செல்கள் இல்லாத பைன் மரத்திலும் சேர்க்கை இப்படியே நடக்கிறது. ஆனால் வனத்துறையினர் பைனை ஒட்டுவது கட்டைக்காக அல்ல, நல்ல மரங்களின் விதைத் தோட்டம் அமைக்கத்தான். டக்ளஸ் ஃபிர் போன்ற ஊசியிலை மரங்களில் நன்றாகப் பிடித்த ஒட்டுகூடச் சில ஆண்டுகள் கழித்துப் பொருந்தாமல் பட்டுப்போனதுண்டு.

மேலே நிற்கும் மரத்தின் உயரத்தில் வேருக்கும் பங்கு உண்டு. இங்கிலாந்தில் ஆப்பிள் வேர்களை ஆராய்ந்தபோது, குட்டை வேர்ச்செடிகளில் பட்டைப் பங்கு மிகுந்தும் கட்டைப் பங்கு குறைந்தும் இருந்தது. மாவின் தண்டிலும் இதே போக்கைப் பெங்களூரு இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் குரியனும் ஐயரும் 1992இல் காட்டினர். அதே நிறுவனத்தின் நீண்டகாலச் சோதனையில் அல்போன்சாவை மிகவும் குட்டையாக்கியது வெள்ளைக் கொழும்பான் வேர்.

இவ்வளவு தெரிந்தும், கொங்கண் நாற்றங்கால்களில் வேர்ச்செடியாவது பெரும்பாலும் ராய்வல் எனப்படும் பெயரற்ற நாட்டு மாங்கொட்டை. 2018இல் அல்போன்சாவுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. மரத்தின் கீழ்ப்பாதிக்கு இன்னும் பெயர் வாய்க்கவில்லை. ஒவ்வொரு கொட்டையும் ஒவ்வொரு குணம் என்பதால் ஒரே தோட்டத்து மரங்கள் ஒரே சீராக ஓங்குவதில்லை. ஹெக்டேருக்கு 100 மரம் என்ற பழைய 10 மீட்டர் இடைவெளியை 5 மீட்டராக்கினால் 400 மரம் நடலாம். ஆனால் ராய்வல் வேரில் அவை அந்த அளவுக்குள் அடங்குவதில்லை. அதனால் உழவர்கள் கிளைகளைக் கவாத்து செய்து, வளர்ச்சியை மட்டுப்படுத்தும் பேக்லோபியூட்ரசால் மருந்தை மண்ணில் ஊற்றிச் சமாளிக்கிறார்கள்.