வாழ்முள்ளும் இடுமுள்ளும்

ஓசூரிலிருந்து தளி நோக்கிப் போகிறவர் காதில் மூன்று மொழிகள் விழும். கேழ்வரகு வயலைச் சுற்றி நிற்பதைத் தமிழர் வேலி என்பார். கன்னடத்தார் பேலி என்பார். தமிழ் வேர் கன்னடத்தில் பேரு ஆவதும் வெள்ளி பெள்ளி ஆவதும் போன்ற மாற்றம்தான் இது. தெலுங்கில் வெலுகு என்றும் கஞ்செ என்றும் வழங்கும். ‘வேலியே பயிரை மேய்ந்தாற்போல’ என்ற பழமொழியோ தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றிலும் உண்டு. காக்க வேண்டியதே அழித்தால் யாரிடம் முறையிடுவது என்ற கேள்வி மாநில எல்லைக்கு இருபுறமும் ஒன்றுதான்.

தஞ்சைச் சமவெளியில் வேலி என்ற சொல் நில அளவாக மாறியது. 20 மா ஒரு வேலி. இன்றைய கணக்கில் ஏறத்தாழ 6.67 ஏக்கர். அங்குள்ள சோழர் கல்வெட்டுகள் நிலத்தை இந்தக் கணக்கில் அளக்கின்றன. சூழ்ந்து நிற்பதன் பெயர் சூழப்பட்ட நிலத்துக்கு ஆகிவந்த ஆகுபெயர் இது. வேலி இல்லாத நிலத்தை நிலமாகவே எண்ணாத மக்கள் உருவாக்கிய சொல் என்றே எனக்குத் தோன்றுகிறது.

வேலி எதனால் ஆனது? கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படையில் இதற்கு விடை இருக்கிறது. வேட்டுவர்களான எயினரின் அரணைச் சூழ்ந்ததை அவர் வாழ்முள் வேலி என்கிறார். ஆடு மேய்ப்போர் குடியிருப்பைச் சூழ்ந்ததை இடுமுள் வேலி என்கிறார். இடுமுள் என்றால் வெட்டிக் கொண்டுவந்து போட்ட முள். வாழ்முள் என்றால் வேரூன்றி உயிரோடு வளரும் முள். மந்தையோடு இடம் பெயர்வோருக்கு வெட்டிப் போட்ட முள் போதும். நிலைத்து வாழும் ஊருக்கு வளரும் முள் வேண்டும். செத்த வேலிக்கும் உயிருள்ள வேலிக்கும் சங்கப் புலவர் தனித்தனிச் சொல் வைத்திருந்தார்.

இன்று நாம் வாழ்முள்ளை உயிர்வேலி என்கிறோம். ‘உயிர்’ என்று முன்னால் சேர்க்க வேண்டி வந்ததே ஒரு வரலாறு. அமெரிக்காவில் ஜோசப் கிளிடன் முள்கம்பிக்குக் காப்புரிமை பெற்றது 1874இல். அந்தக் கம்பி நம் வயல்களுக்கும் வந்தது. கருங்கல்லுக்குப் பெயர்போன கிருஷ்ணகிரி மாவட்டத்தில் கல்லுக்கால் நட்டுக் கம்பி இழுப்பது எளிது. ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டை வளர, மனைகளும் மதில்களும் பெருகின. வேலி என்றாலே கம்பி என்றானபின், செடியால் ஆனதற்கு அடைமொழி தேவைப்பட்டது.

ஆனால் பழைய வேலியின் வாழ்வைப் பேச்சுமொழி மறக்கவில்லை. ‘வேலியில் போன ஓணானை மடியில் விட்டுக்கொண்ட கதை’ என்கிறோம். வேலி என்றால் அங்கே ஓணான் இருந்தே தீரும் என்பது இதன் உட்பொருள். கொடி ஒன்றின் பெயரே வேலிப்பருத்தி. செம்போத்து, தவிட்டுக்குருவி, கவுதாரி, கீரி எல்லாம் இந்தப் புதரில் ஒதுங்குபவை. காங்கேயம் பகுதியில் கொரங்காடு எனப்படும் மேய்ச்சல் நிலங்களைப் பிரித்து நிற்பது இன்றும் முள்கிளுவை வேலிதான். களா, சூரை, நொச்சி, ஆடாதொடை, கள்ளி என்று மண்ணுக்கேற்ற வேலிச்செடிகள் நமக்கு உண்டு.

இவை காற்றின் வேகத்தைக் குறைத்து வயலின் ஈரம் காக்கும். சரிவில் ஓடும் மண்ணைப் பிடித்து நிறுத்தும். தண்டிலும் வேரிலும் கரிமத்தைச் சேமிக்கும். பூவுக்கு வரும் தேனீ மாந்தோப்புக்கும் அவரைக்கும் போகும். கவாத்து செய்த தழையில் ஆட்டுக்குத் தீனியும் வயலுக்கு உரமும் கிடைக்கும்.

ஒரு பெயர் மட்டும் நம்மை எச்சரிக்கிறது: வேலிகாத்தான். சீமைக்கருவேலத்துக்கு மக்கள் இட்ட பெயர் அது. வேலியாகவும் நடப்பட்ட அந்த அயல்நாட்டு மரம் ஏரியையும் மேய்ச்சல் நிலத்தையும் விழுங்கியது. உண்ணிச்செடியும் இப்படித்தான் காடுகளுக்குள் பரவியது. வேலியே பயிரை மேய்ந்த கதைக்கு இதைவிடச் சான்று வேண்டாம். ஆகவே உயிர்வேலிக்கு உள்ளூர்ச் செடியே வேண்டும்.

இன்னொரு வேலி உயிரையே எடுக்கிறது. 2023 மார்ச்சில் பக்கத்துத் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே, சட்டவிரோத மின்வேலியில் சிக்கி மூன்று யானைகள் மாண்டன. குட்டிகள் இரண்டு தாயின்றி நின்றன. உயிர்வேலி யானையைத் தடுத்துவிடாது என்பது உண்மை. ஆனால் அது ஒருநாளும் யானையைக் கொல்லாது.

உயிர்வேலி நடவும் ஏற்ற நாள் ஒன்று உண்டு. மாணவர்களுக்கான நாட்டு நலப்பணித் திட்டம் தொடங்கிய நாள் 1969 செப்டம்பர் 24. தமிழகத்தின் வன, மரப் பரப்பை 33 விழுக்காடாக உயர்த்தப் பசுமைத் தமிழ்நாடு இயக்கம் தொடங்கியதும் 2022இல் அதே செப்டம்பர் 24. ஓசூர்ப் பகுதிக்கு அது மழைக்காலம். கிருஷ்ணகிரி, ஓசூர்க் கல்லூரிகளின் மாணவர் முகாம்கள் அந்த வாரத்தை உயிர்வேலிக்கு ஒதுக்கலாம். கிளுவைக்கும் நொச்சிக்கும் போத்து வெட்டி நட்டாலே போதும். களாவுக்கும் சூரைக்கும் விதையிலிருந்து நாற்று வளர்க்க வேண்டும். இரண்டு வரிசையாக, ஒன்றின் இடைவெளியில் மற்றொன்று வருமாறு நட்டால் அடர்த்தி கிடைக்கும்.

நடுவதற்கு முன் நிலத்துக்காரரோடு உட்கார்ந்து பேசுங்கள். எவ்வளவு அகலம் விடுவார், எந்தப் பக்கம் நிழல் விழும், ஆண்டுதோறும் யார் கவாத்து செய்வது என்பதை அவர் சொல்லக் கேளுங்கள். முதல் இரண்டு கோடைக்கும் தண்ணீர் ஊற்ற முறை வைத்துக்கொள்ளுங்கள். நட்ட அன்று அது வெறும் குச்சிதான். வேர்விட்டுத் தழைக்கும்வரை உடனிருந்தால்தான், இட்ட முள் வாழ்முள் ஆகும்.