மூலையில் நிற்கும் தேர்

மலேசியாவில் ஸ்கூடாய் ஊரில் என் தங்கை வீட்டின் பின்கட்டில், துணி துவைக்கும் இயந்திரத்தை ஒட்டி ஒரு ரெசின் பிரிண்டர் இருக்கிறது. தங்கை மகன் மேசைப் போர் விளையாட்டுக்காரன். விளையாட்டுக்கு வேண்டிய படைவீரர்களை 28 மில்லிமீட்டர் உயரத்தில் அவனே அச்சிட்டு எடுக்கிறான். அவன் ரெசின் என்பதைத் தங்கை பிசின் என்பாள். தொட்டியில் சாம்பல் நிறப் பிசின், அடியில் ஒளித்திரை. புற ஊதா ஒளி பட்ட இடம் மட்டும் இறுகும். ஒரு படலத்தின் கனம் 0.05 மில்லிமீட்டர். படலத்தின் மேல் படலம் ஏற, உருவம் தட்டிலிருந்து தலைகீழாகத் தொங்கிக்கொண்டே வளரும். முடிந்ததும் கையுறை போட்டு எடுத்து, ஆல்கஹாலில் அலசி, மறுபடி ஒளியில் காட்டி இறுக்க வேண்டும். இறுகாத பிசின் தோலில் படக்கூடாது, வடிகாலிலும் ஊற்றக்கூடாது.

கி.மு. 326இல் ஜீலம் ஆற்றங்கரையில் அலெக்சாந்தரை எதிர்த்த போரஸின் படையை இப்போது செய்துகொண்டிருக்கிறான். அன்று மழையில் ஊறிய மண்ணில் தேர்கள் சிக்கிக்கொண்டதை ரோமானிய வரலாற்றாசிரியர் கர்ட்டியஸ் எழுதியிருக்கிறார். ஸ்கூடாயில் தேருக்கு வேறு வகை இடர். சக்கரத்தின் ஆரங்கள் ஈர்க்குச்சியைவிட மெல்லியவை. அச்சிடும்போது முட்டுக்கொடுத்த தாங்குகால்களை வெட்டினால் ஆரமும் கூடவே வந்துவிடுகிறது. மூன்றாம் முறைதான் முழுச் சக்கரத்தோடு ஒரு தேர் கிடைத்தது.

அதைப் பார்க்க வந்தார் பக்கத்து வீட்டு மலாய்க்காரர். பாக்சிக், அதாவது மாமா, என்றுதான் அவரை அழைப்போம்; சதுரங்கப் பிரியர். தேரை உள்ளங்கையில் வைத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது தீர்தானே?" என்று மலாயில் கேட்டார். அவர் போன பிறகு பையன் என்னிடம் வந்தான்: "மாமா, அது என்ன தீர்?"

சதுரங்கப் பலகையின் நான்கு மூலைகளிலும் நிற்கும் காய்க்கு மலாயில் தீர் என்று பெயர். நம்முடைய தேர்தான் அது. தமிழிலிருந்து மலாய்க்குப் போன சொற்கள் என்றால் கப்பல், கடை, பெட்டி, முதல் என்று எல்லோரும் எண்ணத் தொடங்குவார்கள். தேரை யாரும் சேர்ப்பதில்லை. காப்பால், கெடாய், பெத்தி, மோடால் எல்லாம் அன்றாடம் வாயில் புழங்குபவை; தீர் 64 கட்டங்களுக்குள்ளேயே இருந்துவிட்டது.

தேர் எப்படித் தீர் ஆனது? கோயில் என்ற சொல்லைப் பாருங்கள். மலாயில் அது குயில். ஓகாரம் உகரத்துக்கு ஏறியது போலவே ஏகாரம் இகரத்துக்கு ஏறியிருக்கிறது. எல்லாச் சொல்லிலும் இப்படி நடக்கவில்லை. தோழன் மலாய்க்குள் தோலான் என்று ஓகாரத்தோடுதான் போயிருக்கிறான்.

எனக்கு இதில் பெரிதாகப் படுவது வேறொன்று. சதுரங்கம் என்றால் நான்கு உறுப்பு: தேர், யானை, குதிரை, காலாள். அந்தச் சொல்லின் முன்பாதிதான் மலாயில் விளையாட்டின் பெயர், சாத்தூர். ராஜா, மெந்திரி, காஜா என்ற காய்ப்பெயர்களும் வடமொழி வழி வந்தவை. காலாளான பீடாக் அரபுச் சொல். இத்தனைக்கும் நடுவில் ரதம் என்ற வடசொல் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும், மூலைக்கு வந்து நின்றது தேர். ஏட்டிலிருந்து வந்திருந்தால் ரதம் என்றே வந்திருக்கும். பலகைக்கு எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்து, காயைக் கையில் எடுத்துப் பெயர் சொன்ன ஒரு தமிழ் வாயிலிருந்து வந்ததால்தான் தேர் என்று நிலைத்தது என்பது என் எண்ணம். பழைய மலாக்காத் துறைமுகத்தில் தமிழ் வணிகர்களுக்குக் குறைவே இருந்ததில்லை. அந்த ஊரில் சதுரங்கம் ஆடியதற்கும் செஜாரா மெலாயு என்ற பழைய மலாய் வரலாற்று நூல் சான்று சொல்கிறது. சுமத்ராவின் பாசாயிலிருந்து வந்த துன் பஹாரா என்ற ஆட்ட வல்லவரின் கதை அதில் உண்டு.

மற்ற நாடுகளில் இந்தக் காய் பட்ட பாடு பெரிது. பாரசீகத்தில் ருக், அந்தச் சொல் ஐரோப்பாவுக்குப் போனபோது தேர் என்ற பொருள் மறந்துபோய், காய் கோட்டையாக மாறிவிட்டது. ரஷ்யர்களும் வங்காளிகளும் தாய்லாந்துக்காரர்களும் அதைப் படகு என்கிறார்கள். சீனர்களின் சதுரங்கத்தில் அது இன்றும் தேர். ஸ்கூடாயில் கோப்பித்தியாம் என்னும் காப்பிக் கடையில் பெரியவர்கள் ஆடும்போது பார்த்தால், வட்டக் காயில் செதுக்கிய அந்த எழுத்து மூலையில் இருக்கும்.

நம் கதை என்ன? தமிழில் இன்று அந்தக் காயை யானை என்கிறோம், அல்லது ஆங்கிலத்தைப் பார்த்துக் கோட்டை என்கிறோம். யானை நேராகப் போகும் என்று நான் சொல்ல, காஜா குறுக்காகப் போகும் என்று பாக்சிக் சொல்ல, பையன் விழித்ததைக் கண்ணால் பார்த்தேன். ஒரே விலங்கு இரண்டு வீடுகளில் இரண்டு கட்டங்களில் நிற்கிறது. பலகைக்கு வெளியிலும் அப்படித்தான். பினாங்கிலும் பத்துமலையிலும் தைப்பூசத்துக்கு முருகன் ஏறி வருவதை வெள்ளி ரதம் என்றே இங்கே சொல்லிப் பழகிவிட்டோம். மலேசியத் தமிழன் ரதம் என்கிறான். மலாய்க்காரர் தேரைக் காப்பாற்றி வைத்திருக்கிறார். அவர் சொன்ன அந்த ஒரு சொல்லுக்காக எனக்குத் தொண்டை அடைத்தது.

சின்னஞ்சிறு தேர் செய்வதும் நமக்குப் புதிதில்லை. பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்துப் பிள்ளைகள் குதிரை பூட்டாத மூன்று சக்கரச் சிறுதேரை முற்றத்தில் உருட்டுகிறார்கள். ஆண்பால் பிள்ளைத்தமிழின் பத்தாவது பருவமே சிறுதேர். சிற்றில், சிறுபறை, சிறுதேர் என்று அந்தக் கடைசி மூன்று பருவங்களும் பெரியவர்கள் உலகத்தைப் பிள்ளையின் கையளவுக்குச் சுருக்கியவை. மேசைப் போர் விளையாட்டுக்கு முன்னோடியான எச். ஜி. வெல்ஸின் 'லிட்டில் வார்ஸ்' 1913இல் வந்தது. அதன் தலைப்பிலும் அதே 'சிறு' இருக்கிறது. சதுரங்கத்தின் வரலாற்றைத் திரட்டி எச். ஜே. ஆர். மர்ரே எழுதிய பெருநூல் வந்ததும் அதே 1913இல்தான்.

மினியேச்சருக்குத் தமிழில் என்ன சொல்வது என்று பையன் முன்பு ஒருமுறை கேட்டபோது பொம்மை, மாதிரி என்று ஏதோ சொல்லி வைத்தேன். இப்போது பதில் இருக்கிறது. சிறுவீரன், சிறுகுதிரை, சிறுதேர்.

கணினியில் அந்தக் கோப்புக்கு இருந்த ஆங்கிலப் பெயரை அழித்துவிட்டுச் 'சிறுதேர்' என்று தமிழிலேயே தட்டினான். பாக்சிக்கின் பலகைக்கு நான்கு வேண்டும். மூன்று முடிந்து சன்னல் விளிம்பில் காய்கின்றன. நான்காவது இப்போது தட்டில் தலைகீழாகத் தொங்குகிறது. தட்டு மேலே எழும்பும்போதெல்லாம் சக்கரத்திலிருந்து பிசின் சொட்டுகிறது. இதுவரை எட்டு ஆரங்களும் இருக்கின்றன.