பூட்டு யாரோட பொறுப்பு?

சைக்கிளுக்கு லைசென்ஸ் இருந்துச்சுன்னு சொன்னா இப்போ இருக்கிற பசங்க நம்ப மாட்டேங்கிறாங்க. நெசமாத்தானுங்க. பஞ்சாயத்துல வரி கட்டுனா ஒரு தகர வில்லை குடுப்பாங்க. அதை சைக்கிள்ல மாட்டிக்கணும். மாட்டு வண்டிக்கும் வில்லை உண்டு. அது வரி வாங்குறதுக்காக வந்த ஏற்பாடுதான். ஆனா வண்டி காணாமப் போனா, "என்னோடதுதான்"னு சொல்றதுக்கு ஏழைபாழைங்க கையில இருந்த ஒரே சாட்சியும் அந்த வில்லைதான்.

மோட்டார் வண்டிக் கதையும் இதே மாதிரிதான். 1914லயே இந்தியா முழுமைக்குமான மோட்டார் வாகனச் சட்டம் வந்துருச்சு. அப்புறம் 1939ல ஒண்ணு, 1988ல ஒண்ணு. இப்போ நாம பார்க்கிற டி.என். நெம்பரெல்லாம் 1989 ஜூலை 1ல இருந்து நடைமுறைக்கு வந்த மத்திய மோட்டார் வாகன விதிகளோட பலன். பொள்ளாச்சிக்கு 41, கோயமுத்தூர் தெற்குக்கு 37. இத்தனை சட்டத்துலயும் ஓடுற எண்ணம் ஒண்ணுதான்: சர்க்கார் நெம்பர் குடுக்கும், பூட்டு உன் பாடு.

கம்பெனிக்காரனுக்குன்னு இருந்த வேலை கொஞ்சந்தான். 1989 விதிகள்ல 122ஆவது விதிப்படி சேசிஸ் நெம்பரையும் இஞ்சின் நெம்பரையும் வண்டியில பொறிச்சுக் குடுக்கணும். புது டிராக்டர் எடுத்தவங்களுக்குத் தெரியும், அந்த நெம்பர் மேல காகிதத்தை வெச்சுப் பென்சிலால தேய்ச்சு எடுத்து ஆர்.டி.ஓ. ஆபீசுல குடுப்பாங்க. திருடனும் இதைத் தெரிஞ்சவன்தானே? அரம் வெச்சு ராவிட்டு வேற நெம்பரைத் தட்டிருவான். நெம்பர் பிளேட்டு அதைவிட சுளுவு. பெயிண்டர் கடையில எந்த நெம்பரை வேணும்னாலும் எழுதிக் குடுத்துருவாங்க, உன் ஆர்.சி. புக்கைக் காட்டுன்னு கேக்க மாட்டாங்க.

இதை அடைக்கத்தான் 2001 மார்ச் 28ல மத்திய அரசு 50ஆவது விதியைத் திருத்துச்சு. அலுமினியத் தகடு, குரோமியம் ஹோலோகிராம், லேசர்ல பொறிச்ச தனி நெம்பர், ஒருதடவை மாட்டுனா கழட்ட முடியாத பூட்டு. உடைச்சாத்தான் வரும், உடைச்சா மறுபடி மாட்ட முடியாது. கார்களுக்கு முன்கண்ணாடியில ஒட்டுறதுக்கு ஒரு ஸ்டிக்கர் வேற. அதைப் பிரிச்சா கிழிஞ்சு போயிரும். நல்ல யோசனைதான், குறை சொல்ல ஒண்ணுமில்லை. அதே வருசம் டிசம்பர்ல நாடாளுமன்றத்தைத் தாக்க வந்தவங்க உள்துறை அமைச்சகத்தோட போலி ஸ்டிக்கர் ஒட்டுன வெள்ளை அம்பாசிடர்லதான் உள்ளே போனாங்க. வண்டியோட அடையாளத்துக்கு எவ்வளவு மதிப்புன்னு அன்னைக்கு ஊருக்கே புரிஞ்சுது.

ஆனா அந்தப் பிளேட்டை யாரு செய்யறது? ஒவ்வொரு மாநிலமும் டெண்டர் விடணும்னு வெச்சாங்க. அங்கதான் வண்டி சேத்துல மாட்டுச்சு. டெண்டர்ல கேட்ட அனுபவமும் நிபந்தனையும் வெளிநாட்டுக் கம்பெனிக்குத் தோதா இருக்குதுன்னு இங்க பிளேட்டு செய்யறவங்க கோர்ட்டுக்குப் போனாங்க. 2004 நவம்பர் 30ல உச்ச நீதிமன்றம் அரசு வெச்ச நிபந்தனை செல்லும்னு சொல்லிருச்சு. அதுக்கப்புறமும் பல மாநிலங்க அசையலை. மனிந்தர்ஜித் சிங் பிட்டா தொடுத்த வழக்குல 2011ல கோர்ட்டு கெடு வெச்சு அதட்டுச்சு. டெல்லியில நடக்கிற சண்டையெல்லாம் பேப்பர்ல படிச்சதோட சரி. நம்மூர்ப் பக்கம் 2019க்கு முன்னால அந்தப் பிளேட்டை நான் கண்ணால பார்த்ததில்லைங்க.

கடைசியில முடிச்சை அவிழ்த்தது ஒரு சின்ன மாத்தந்தான். 2018 டிசம்பர்ல விதியைத் திருத்தி, 2019 ஏப்ரல் 1ல இருந்து தயாராகுற வண்டிக்கெல்லாம் பிளேட்டையும் கம்பெனியே சேர்த்துக் குடுக்கணும்னாங்க. பதினெட்டு வருசம் டெண்டர்ல நின்ன வேலை, செய்யறவன் தலையில பொறுப்பை வெச்சதும் நடந்துருச்சு. ஷோரூம்லயே மாட்டிக் குடுக்கிறாங்க. வண்டி வாங்குறவன் எங்கயும் அலைய வேண்டியதில்லை.

அமெரிக்காவுல இந்தப் பொறுப்பு கம்பெனிக்காரன் மேல 1984லயே விழுந்துச்சு. அந்த வருசச் சட்டப்படி, அதிகமா திருடு போற கார் வகைகளுக்கு இஞ்சின், கியர்பாக்ஸ், கதவு, பம்பர்னு முக்கியமான பாகத்துக்கெல்லாம் அடையாள எண் போடணும். காரைப் பிரிச்சு பாகம் பாகமா விக்கிறவனைப் பிடிக்கறதுக்காக. கூடவே ஒரு விதிவிலக்கும் வெச்சாங்க. நல்ல திருட்டுத் தடுப்புக் கருவியை எல்லாக் காருலயும் பொருத்தித் தர்றேன்னு கம்பெனி மனு போட்டு, அரசு ஒத்துக்கிட்டா, அந்த வகைக்கு எண் போட வேண்டாம். இதுல நியாயம் இருக்குது. திருட்டையே தடுத்துட்டா அப்புறம் பாகத்துக்கு எதுக்கு நெம்பர்?

கோளாறு எங்கன்னா, அந்தக் கருவி கட்டாயமில்லை. விருப்பப்பட்டவன் போட்டுக்கலாம். இம்மொபிலைசர்னு ஒண்ணு இருக்குதுங்க. சாவிக்குள்ள ஒரு சிப், அதை வண்டி அடையாளம் கண்டாத்தான் இஞ்சின் கிளம்பும். கனடாவுல 2007 செப்டம்பர்ல இருந்து புதுக் காருக்கு அது கட்டாயம். ஐரோப்பாவுல அதுக்கும் முன்னாலயே. அமெரிக்காவுல கட்டாயம் இல்லாததால ஹூண்டாய், கியா கம்பெனிங்க அங்க வித்த விலை குறைஞ்ச கார் பலதுல அதைப் போடவே இல்லை. செல்போன் சார்ஜர் முனையை வெச்சே கிளப்பலாம்னு பசங்க வீடியோ போட்டானுங்க, திருட்டு எகிறிருச்சு. 2023 பிப்ரவரியில சுமார் 83 லட்சம் காருக்கு இலவசமா மென்பொருள் மாத்தித் தர்றோம்னு இறங்க வேண்டியதாப் போச்சு. அதுக்குள்ள 14 விபத்து, 8 சாவுன்னு அந்த நாட்டுச் சாலைப் பாதுகாப்புத் துறையே கணக்கு சொல்லுச்சு. வண்டி பறிகுடுத்தவங்க யாருன்னா, விலை குறைஞ்ச காரை வாங்குனவங்க.

நம்ம சட்டத்துலயும் விலக்குக்கு வழி இருக்குது. 1988 சட்டம் 110ஆவது பிரிவுல, எந்த வகை வண்டிக்கு வேணும்னாலும் மத்திய அரசு அந்த அத்தியாயத்துல இருந்து விலக்கு தரலாம்னு எழுதியிருக்குது. விலக்கே தப்புன்னு நான் சொல்ல வரலை. மாட்டு வண்டியையும் லாரியையும் ஒரே தராசுல நிறுக்க முடியுமா? விலக்கு குடுக்கும்போது அதுக்குப் பதிலா கம்பெனிக்காரன் என்ன செய்யப் போறான்னு எழுதி வாங்குனாங்களான்னுதான் பார்க்கணும்.

எல்லாம் மீறி வண்டி போயிருச்சுன்னு வைங்க. போலீஸ் எஃப்.ஐ.ஆர். வேணும், கண்டுபிடிக்க முடியலைன்னு சர்ட்டிபிகேட் வேணும், அப்புறந்தான் இன்சூரன்ஸ். பஞ்சாப்புல 2010ல ஒருத்தரோட டிராக்டர் திருடு போச்சு. அவரு அன்னைக்கே போலீசுல எழுதிக் குடுத்துட்டாரு, இன்சூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்ல மட்டும் 52 நாள் ஆயிருச்சு. அதைக் காட்டிப் பணம் தர மாட்டேன்னுட்டாங்க. வழக்கு உச்ச நீதிமன்றம் வரைக்கும் போச்சு. போலீசுல உடனே புகார் குடுத்திருந்தா, கம்பெனிக்குச் சொல்லத் தாமதம்ங்கிற ஒரே காரணத்துக்காகப் பணத்தை மறுக்கக் கூடாதுன்னு 2020 ஜனவரியில தீர்ப்பாச்சு. டிராக்டர் போய் ஒன்பது வருசத்துக்கு மேல ஆயிருந்துச்சு.